குவியலின் மேற்குப் பக்கம்

பிப்ரவரி இருபத்தொன்று அன்று எங்கள் கடற்கரை முழுக்க பீக்கே எரியும். வீட்டு உயரத்துக்கு விறகைக் குவித்து, உச்சியில் ஒரு வைக்கோல் பொம்மையைக் கட்டி, பொழுது சாயும்போது கொளுத்துவோம். குளிர்காலத்தைத் துரத்துகிறோமாம். அது எதற்காவது அசைந்து கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஒரு சாயங்காலம் மட்டும் யார் வேண்டுமானாலும் யார் வீட்டுக்கும் வரலாம். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கு பீக்கே பிடிப்பதற்கு அது ஒன்றுதான் காரணம்.

எங்கள் ஹல்லிக் தட்டையான புல்வெளித் தீவு. பெரிய வெள்ளம் வந்தால் வீடுகள் நிற்கும் மண்மேடுகள் மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மேடுகள். ஒன்றில் நான், மற்றதில் மோமேயும் அவன் மனைவியும். பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பில் இருந்ததே இரண்டு பேர், நானும் மோமேயும்தான். அவன் எப்போதும் இரண்டாம் இடம். ஐம்பது வருஷமாகியும் அவனுக்கு அந்தக் கோபம் தீரவில்லை.

இங்கே மரமே கிடையாது. விறகு முழுவதும் பெருநிலத்திலிருந்துதான் வரவேண்டும். கடலுக்குள் கட்டிய கல்லணையின் மேல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று இருக்கிறது. மோமே தன் மோட்டார் தள்ளுவண்டியில் இரண்டு பெட்டிகளை மாட்டிக்கொண்டு, ஊரார் தூக்கிப்போட்ட கிறிஸ்துமஸ் மரங்களையெல்லாம் ஜனவரி முழுக்க ஏற்றிக்கொண்டு வந்தான். என் மேட்டிலிருந்து முந்நூறு தப்படி தள்ளி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குவித்தோம். அடுக்கினது நான். இதுவரை அவ்வளவு பெரிதாக அடுக்கியதில்லை. அதற்குக் காரணம் மாரெட்.

மாரெட் என் மகள். முப்பத்தோரு வயது. ஹூஸும் நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அவள் அப்பா ஹார்க்கைப் புதைத்த பிறகு மூன்று வருஷமாக இந்தப் பக்கம் வரவில்லை. சண்டை என்று ஒன்றும் பெரிதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம் போனில் பேசுவோம். அங்கே என்ன காற்று, இங்கே என்ன காற்று என்று பேசிவிட்டு வைத்துவிடுவோம். ஜனவரியில் ஒரு ஞாயிறு அவளாகவே சொன்னாள்.

"பீக்கேக்கு வரேம்மா. லீவு சொல்லிட்டேன்."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். கனமான காலுறை எடுத்துட்டு வா."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். அதை அவளிடம் காட்ட எனக்கு வராது. அது என் பிறவிக் கோளாறு.

அதற்கு அடுத்த வாரம் கிழக்குக் காற்று ஆரம்பித்தது. ஆரம்பித்தது நிற்கவே இல்லை. கடல் உறைந்து, பாளம் பாளமாக உடைந்து, மறுபடி ஒன்றின்மேல் ஒன்று ஏறி உறைந்தது. தண்ணீர் வடிந்தாலும் சேற்று நிலம் வெளியே தெரியவில்லை. எங்கள் சிப்பிப் பிடிப்பான் பறவைகளுக்கு அந்தச் சேறுதான் சமையலறை. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கேரட் நிறத்தில் அலகு. கோடையில் என் தலைக்கு மேலேயே வந்து நின்று என்னை வாய்க்கு வந்தபடி திட்டும். ஒரே ஜோடி ஒரே இடத்துக்கு இருபது வருஷம் வரும். என் மேட்டுக்குக் கீழே முட்டையிடும் ஜோடியை எனக்கு மாரெட் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே தெரியும். அவையெல்லாம் இப்போது கல்கரையில் கூட்டமாக ஒற்றைக் காலில் நின்றன. ஒரு சத்தம் இல்லை.

பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கொழுப்பையும் மாமிசத்தையும் பொடியாக நறுக்கி ஒரு வாளியில் போட்டுக்கொண்டு தினமும் போனேன். நான் நெருங்குவதற்குள் கூட்டம் முழுக்க எழும்பிப் பறந்துவிடும். கொட்டிவிட்டுத் திரும்புவேன். நாலு நாள் இப்படி. பெரிய புண்ணியம் கட்டிக்கொண்டவள் போல மனசுக்குள் ஒரு நிறைவு வேறு. ஐந்தாம் நாள் ஒன்று செத்துக் கிடந்தது. கையில் எடுத்தேன். நெஞ்செலும்பு கத்தி முதுகு மாதிரி கையில் குத்தியது. மேலே தசை என்று ஒன்றுமே இல்லை.

பெருநிலத்தில் இருக்கும் பறவை நிலையத்துக்குப் போன் செய்தேன். ஒரு பையன் எடுத்தான்.

"நீங்க போறப்ப எழும்புதா?" என்றான்.

"எழும்பும். அப்புறம் திரும்பி வந்துடும்."

"ஒவ்வொரு தடவ எழும்பறதுக்கும் அதுங்க உடம்பத்தான் எரிக்குது. நீங்க போடறதைவிட நீங்க செலவழிக்க வெக்கறது ஜாஸ்தி. தயவுசெஞ்சு கிட்டப் போகாதீங்க. வேற யாரையும் விடாதீங்க. வண்டி போனா பரவாயில்ல, அது பழகிடுச்சு. மனுஷன் நடந்து வந்தாத்தான் பயம்."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"ஒண்ணும் செய்யாம இருங்க."

நல்லா இருக்குதே என்று எரிச்சலோடு போனை வைத்தேன். ஆனாலும் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி இரவெல்லாம் பனிப்புயல். காலையில் மாடி ஜன்னலைத் திறந்து பார்த்தேன். குவியலின் கிழக்குப் பக்கம் முழுக்க வெள்ளை. மேற்குப் பக்கம் கறுப்பாக இருந்தது. ஹார்க்கின் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன். சிப்பிப் பிடிப்பான்கள். குவியலின் அடியிலும் கிளைகளின் இடுக்கிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அலகை முதுகுக்குள் செருகி நின்றன. இருநூற்று நாற்பது வரை எண்ணினேன். பிறகு என் மூச்சு பட்டே கண்ணாடி மங்கிவிட்டது. சுற்று வட்டாரத்தில் காற்றுக்கு மறைவு என்று இருந்தது நான் அடுக்கிய அந்த ஒரு குவியல்தான்.

அன்றைக்கே மோமேயைக் கூப்பிட்டு, இந்த வருஷம் பீக்கே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. பீக்கே இல்லையென்றால் மாரெட் வருவதற்கு எந்தச் சாக்கும் இல்லை. சும்மா வா, எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடலாம்தான். அந்த வாக்கியத்தை வாயில் வைத்துப் பார்த்தேன். வெளியே வரவில்லை. அதற்குள் பனி உருகிவிடும், பறவைகள் கிளம்பிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெப்பமானி தினமும் பூஜ்யத்துக்குப் பன்னிரண்டு கீழே என்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது.

இருபதாம் தேதி மோமே போன் செய்தான்.

"குவியல் எப்படி இருக்கு கெஷே? ஈரம் ஏதும் ஏறலயே?"

"நல்லா இருக்கு."

"நாளைக்கு முப்பது பேர் வராங்க. கீரை போதுமா?"

"உன் வயித்துக்கே தனியா ஒரு பானை வெச்சிருக்கேன், போ."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். நான் துணி வெளுக்கும் பெரிய கொப்பரையில் கேல் கீரையையும் புகையில் வாட்டிய பன்றிக்கறியையும் போட்டு, விடிய விடியக் கிளறினேன். மாரெட்டின் கட்டிலுக்குப் புதுவிரிப்பு போட்டேன். எடுத்துவிட்டுப் பழைய பூப்போட்ட விரிப்பைப் போட்டேன். மறுபடி புதியதைப் போட்டேன்.

மறுநாள் நாலரை மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. மோட்டார் முன்னால், இரண்டு பெட்டிகளிலும் ஜனம், கையில் தீப்பந்தம், பாட்டு, சாராயம் கலந்த தேநீர்க் குடுவைகள். வண்டி குவியலைக் கடந்து வந்தது. ஒரு பறவைகூட அசையவில்லை. அந்தப் பையன் சொன்னது சரிதான். மேட்டடியில் வண்டி நின்றதும் எல்லோரும் குதித்து இறங்கி, குவியலைப் பார்த்து நடக்கத் திரும்பினார்கள். கோட்டுகூடப் போடாமல் மேட்டிலிருந்து இறங்கி ஓடி, பாதையின் குறுக்கே போய்க் கையை விரித்து நின்றேன்.

"நில்லு! யாரும் போகக் கூடாது!"

முன்னால் வந்தவள் சிவப்புத் தொப்பி போட்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மாரெட். மூன்று வருஷம் கழித்து வந்த மகளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை நில்லு.

மோமே மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "என்ன கெஷே, தீ வெக்கிற எடத்துல போலீஸ் வேலை பாக்கற?"

"குவியலுக்குப் பின்னாடி பறவைங்க இருக்கு. இருநூறுக்கு மேல. நடந்து போனா எழும்பிடும். எழும்பினா செத்துடும்."

"எழும்பட்டுமே. அதுக்குத்தானே றெக்கை?"

"றெக்கை இருக்கு. அதை அடிக்கறதுக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல. வேணும்னா வீட்டுக்கு வா, செத்தது ஒண்ணு இருக்கு, தடவிப் பாரு."

"எப்பலேர்ந்து இருக்கு?"

"மூணு நாளா."

"நேத்து நல்லா இருக்குன்னியே! முப்பது பேர் ஒரு மணி நேரம் இந்தக் குளிர்ல உக்காந்து வந்திருக்காங்க கெஷே. பொம்மைக்கு என் பழைய கால்சட்டையப் போட்டு மேல ஏத்தியிருக்கேன். அது எரியறதப் பாக்கணும்னு என் பொண்டாட்டி பத்து வருஷமா காத்துட்டிருக்கா."

சிலர் சிரித்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். மேட்டின் மேலேயே சின்னதாக ஒரு தீ மூட்டலாமே என்று ஒரு ஆள் சொன்னார். நாணல் கூரைக்குப் பக்கத்தில், இந்தக் காற்றில் தீயா என்று மோமேயே அவர் வாயை அடைத்துவிட்டான். பிறகு குவியலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அவனும் இங்கே பிறந்தவன்தானே.

"சரி, ஏறுங்க எல்லாரும்" என்றான் கடைசியில். "கரைக்குப் போனா அங்க ஆறு மணிக்கு வெக்கறாங்க. இப்பக் கிளம்பினா பாத்துடலாம்." என்னிடம் திரும்பி, "நேத்தே சொல்லியிருந்தா நான் உன்னைத் திட்டியிருப்பேன், அவ்வளவுதான். இப்ப ஊரே திட்டும்" என்றான்.

"கீரை இருக்கு. சாப்பிட்டுப் போங்களேன்" என்றேன். யார் காதிலும் விழவில்லை. எல்லோரும் பந்தங்களைக் கொளுத்தாமலே கையில் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார்கள்.

மாரெட் மட்டும் நின்றாள். தோளில் ஒரு பை. இரண்டு நாள் தங்குவதற்கான பை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"வா, மேல போலாம்" என்றேன். "குளிருது."

அவள் என் கைகளையே பார்த்தாள். நான் இன்னும் அவற்றை விரித்தபடிதான் நின்றிருந்தேன்.

"எனக்கு இப்படி ஒரு தடவயாவது குறுக்க நின்னிருக்கியாம்மா?"

"என்னடி சொல்ற?"

"பதினஞ்சு வயசுல என்னை இதே வண்டியில ஏத்தி அனுப்பினீங்களே. விடுதிக்கு."

"இங்க ஒன்பதாவதுக்கு மேல பள்ளிக்கூடம் இல்ல. எல்லாப் பிள்ளைகளும் போகும். நானும்தான் போனேன்."

"போகாதேன்னு நீ சொல்லணும்னு நான் கேக்கல. வெளிய வந்து நின்னியா நீ? அப்பா மட்டும் வந்தார். நான் அந்த வளைவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனேன். ஜன்னல்ல திரை அசைஞ்சுது. அவ்வளவுதான்."

அது உண்மை. நான் திரைக்குப் பின்னால்தான் நின்றேன். வெளியே போனால் அவளை வண்டியிலிருந்து இறக்கிவிடுவேன் என்று பயந்தேன். கிட்டப் போகாமல் இருப்பதுதான் அவளுக்கு நல்லது என்று நினைத்தேன். இதையெல்லாம் அங்கேயே அவளிடம் சொல்லியிருக்கலாம்.

"பறவைங்களுக்காக இப்படி நிக்கத் தெரியுது உனக்கு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். போய் மோட்டாரில் மோமே பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மோமே மோட்டாரைக் கிளப்பினான். வண்டி நகர்ந்தது. நான் அப்படியே நின்றேன். எப்போதும் போல நின்றேன். கடைசிப் பெட்டி என்னைக் கடந்து இருபது தப்படி போனது, நாற்பது போனது. தண்டவாளம் குவியலுக்கு முப்பது தப்படி பக்கத்தில் போகிறது. வேறு வழி கிடையாது. ஒருபக்கம் பனிப்பாளம், மறுபக்கம் பறவைகள்.

ஓடினேன்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது, மூட்டு வலி, காலில் மரக்கட்டைச் செருப்பு. ஒரு செருப்பு பனியில் மாட்டிக்கொண்டு போயிற்று. மாரெட், மாரெட் என்று கத்தினேன். கிழக்குக் காற்று எதிரே அடித்து என் சத்தத்தை என் தொண்டைக்குள்ளேயே திருப்பித் தள்ளியது. குவியலுக்கு நேராக வந்தபோது மேற்குப் பக்கம் முழுக்க ஒரே நேரத்தில் அசைந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பறவைகள் எழும்பின. இத்தனை நாளாக வாய் திறக்காதவை அப்போது ஈனமாக ஒரு சத்தம் போட்டன. தலைக்கு மேலே ஒரு தடவை வட்டமடித்து, காற்று அள்ளிக்கொண்டு போன திசையில், பனிக்கடல் பக்கமாகச் சிதறின. சில மேலே ஏறவே முடியாமல் தரையோடு தரையாகப் போய் விழுந்தன. நான் பார்த்துக்கொண்டேதான் ஓடினேன். நிற்கவில்லை.

வண்டி வளைவில் திரும்பிவிட்டது. அவள் தொப்பி தெரிந்ததா இல்லையா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு மோட்டார்ச் சத்தமும் இல்லை. தண்டவாளத்தின் நடுவில், ஒரு காலில் செருப்பில்லாமல், முகத்தில் கண்ணீர் உறைய நின்றேன். முப்பது பேரைத் தடுத்துக் காப்பாற்றியதை நானே ஒருத்தியாக ஓடிக் கெடுத்தேன். மகளும் போய்விட்டாள். என்னை மாதிரி ஒரு மடைச்சியை இந்தக் கடற்கரை கண்டதுண்டா?

வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாமல் உட்கார்ந்தேன். ஆறு மணிக்குச் சுற்றிலும் பீக்கே எரிந்தது. தெற்கே இரண்டு, வடக்கே மூன்று, கரையில் வரிசையாகப் புள்ளி புள்ளியாக. என் பக்கம் மட்டும் இருட்டு. முப்பது பேருக்கு ஆக்கிய கீரையில் ஒரு தட்டு போட்டுக்கொண்டு இரண்டு வாய் தின்றேன். மீதியைக் கொப்பரையிலேயே கொட்டினேன்.

விடிந்ததும் ஜன்னலிலிருந்து பார்த்தேன். குவியலின் பின்னால் நூறு, நூற்றிருபது திரும்பி வந்து ஒண்டியிருந்தன. அந்தப் பக்கம் போகாமல், சுற்றிக்கொண்டு கல்கரைக்கு மட்டும் பனிச்சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு போனேன். பனிப்பாளங்களின் இடுக்கில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் வைத்தேன். கனமே இல்லை. இரண்டின் காலில் பறவை நிலையத்து வளையம் இருந்தது. கதவடியில் வரிசையாகக் கிடத்தும்போதுதான் உள்ளே போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை.

"அம்மா."

"சொல்லு."

"கடைசிப் பெட்டியில இருந்தவங்க இறங்கறப்ப சொன்னாங்க. நீ தண்டவாளத்துல ஓடி வந்தியாமே."

"ஆமா."

"குவியல் பக்கமாவா?"

"வேற வழி ஏது?"

"பறவைங்க?"

"எழும்பிடுச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

"எத்தன செத்துச்சு?"

"அறுபத்தொண்ணு எடுத்தேன். கரை முழுக்க இன்னும் பாக்கல."

"எழும்பும்னு அந்த அவசரத்துல மறந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவளே எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கதவடியில் அறுபத்தொன்று வரிசையாகக் கிடக்கின்றன.

"மறக்கல மாரெட். தெரிஞ்சுதான் ஓடினேன்."

அந்தப் பக்கம் அவள் கடையின் கதவுமணி அடித்தது. யாரோ உள்ளே வந்து வணக்கம் சொன்னார்கள். மறுபடியும் சொன்னார்கள். அவள் பதில் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.